குதிரையும் காண்டாக் கம்பும்



பங்சார் சாலைகளில் விரையும் ஸ்போர்ட்ஸ் கார்களின் குதிரைத்திறனை நம் மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்வர். அந்த எண் எவ்வாறு பிறந்தது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதை நாம்தான் கற்பிக்க வேண்டும் என்பது என் கருத்து.

1780களில் ஜேம்ஸ் வாட் தம் நீராவி இயந்திரங்களை விற்க முனைந்தார். வாங்குவோர் குதிரைகளைக் கட்டி ஆலை ஓட்டியவர்கள். அவர்களுக்குப் புரியும் அளவாக, நிமிடத்திற்கு 33,000 அடி-பவுண்டு வேலையை ஒரு குதிரையின் திறன் என வகுத்தார். இன்றைய கணக்கில் அது ஏறக்குறைய 746 வாட். அதாவது, 76 கிலோ எடையை ஒரு வினாடியில் ஒரு மீட்டர் உயர்த்தும் திறன்.

1821இல் பிரெஞ்சுப் பொறியாளர் புரோனி, சுழலும் தண்டை மரக்கட்டைகளால் இறுக்கி, அவற்றோடு இணைந்த கோலின் முனையில் எடையைத் தொங்கவிட்டுத் திறனை அளந்தார். இன்றைய டைனமோமீட்டருக்கு அதுவே முன்னோடி.

ஆயினும், அளக்கும் முறை மாறினால் எண்ணும் மாறும். அமெரிக்க நிறுவனங்கள், துணை உறுப்புகள் இல்லாத இயந்திரத்தைத் தனியே இயக்கிப் பெற்ற எண்ணையே நெடுங்காலம் விளம்பரப்படுத்தின. 1972ஆம் ஆண்டு மாதிரிகளில் அவ்வுறுப்புகளையும் பொருத்தி அளந்தபோது, அதே இயந்திரங்களின் எண் சரிந்தது.

அடுத்தது எடை. 1996இல் நம் புரோட்டோன் நிறுவனம் பிரிட்டனின் லோட்டஸை வாங்கியது. அவ்வாண்டு சாலைக்கு வந்த லோட்டஸ் எலிஸின் திறன் 118 குதிரைத்திறனே. எடையோ ஏறத்தாழ 725 கிலோ. இருமடங்கு எடையுள்ள கார் அதற்கு ஈடுகொடுக்க 236 குதிரைத்திறன் வேண்டும்.

அந்த எடை எங்கே அமர்ந்துள்ளது என்பதும் முக்கியம். முன்பாரம் மிகுந்த கார், வளைவில் திரும்பாமல் நேரே போகப் பார்க்கும். எலிஸின் இயந்திரம் ஓட்டுநருக்கும் பின் அச்சுக்கும் இடையில் உள்ளது. பாரப் பங்கீட்டை அறிய, ஒவ்வொரு சக்கரத்தின் கீழும் ஒரு தராசு வைப்பர். மொத்தம் 1,000 கிலோவில் முன்சக்கரங்கள் 600, பின்சக்கரங்கள் 400 எனில் விகிதம் 60:40. இரு அச்சுகளுக்கும் இடையே 2.5 மீட்டர் இருந்தால், ஈர்ப்பு மையம் முன் அச்சிலிருந்து 1 மீட்டரில் அமையும்.

இது நமக்குப் புதிதன்று. பங்சாரும் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டமே. காண்டாக் கம்பில் பால் வாளிகளைச் சுமந்த நம் முன்னோர், ஒரு வாளி கனத்தால் தோளை அப்பக்கம் நெருக்கிக்கொள்வர். நெம்புகோல் விதியை அவர்களின் தோள் அறிந்திருந்தது.

இனி மாணவர் ஓர் எண்ணைப் பெருமையாகச் சொன்னால், மூன்று கேள்விகள் கேளுங்கள்: எம்முறையில் அளந்தது? எடை எவ்வளவு? அது எங்கே உள்ளது? விளம்பரத்தை அளந்து பார்க்கும் பழக்கம் அங்கிருந்து தொடங்கும்.