பேராக் காட்டுப் பாலும் கடலடிக் கம்பியும்

ஒரு சில பெரு நிறுவனங்களும் அவற்றின் தலைவர்களும் வாணிகத்தையும் செய்தித்தாள்களையும் அரசாங்கங்களையும் தம் விருப்பப்படி அசைக்கின்றனர் என்ற பேச்சு இன்று எங்கும் எழுந்துள்ளது. கூகுள், மெட்டா, மைக்ரோசாப்ட் என்னும் பெயர்களைத் தோட்டத்து லயத்துச் சிறுவனும் அறிவான். இந்த ஆற்றல் நேற்று முளைத்த ஒன்று போலப் பலர் எழுதி வருகின்றனர். உண்மை அதுவன்று. ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே உலகின் செய்திப் போக்கைத் தன் கைக்குள் அடக்கிய நிறுவனக் கூட்டம் ஒன்று இருந்தது. அதன் கம்பிக்குக் கவசமாக அமைந்த பொருளோ நம் பேராக் காடுகளிலிருந்தும் சென்றது. மாணவர்க்கு வரலாறு சொல்லும் ஆசிரிய அன்பர்கள் இதனை அறிந்திருத்தல் நலம்.

அந்தப் பொருள் கெத்தா பெர்ச்சா. கெத்தா என்றவுடன் நம்மவர் பால்மரத்தை நினைப்பர், இது வேறு. ரப்பர் மரம் பிரேசிலிலிருந்து வந்த விருந்தாளி. கெத்தா பெர்ச்சாவைத் தரும் தாபான் மரமோ இம்மண்ணிற்கே உரியது. அதன் பால் உறைந்தால் கட்டியாகும். சுடுநீரில் இட்டால் இளகும். ஆறினால் வேண்டிய வடிவில் இறுகும். மலாய்க்காரர் அதனைப் பாராங் கத்திக்குப் பிடியாகச் செய்து வந்தனர். சிங்கப்பூரில் மருத்துவராக இருந்த மாண்ட்கோமரி என்பவர் 1843ஆம் ஆண்டில் அதன் மாதிரிகளை இலண்டனுக்கு அனுப்பினார். மின்சாரத்தை வெளியே கசிய விடாத குணம் அதற்கு உண்டென்பதைச் சில ஆண்டுகளுக்குள் அறிஞர் கண்டனர். ரப்பரைப் போலன்றி உப்புநீரில் நெடுங்காலம் கெடாமல் கிடக்கும் என்பதும் தெரிந்தது. கடலுக்கு அடியில் தந்திக்கம்பி இடுவதற்கு வேறென்ன வேண்டும்?

மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் முறை அக்காலத்தில் பயன்படவில்லை. மரத்தையே வெட்டி வீழ்த்தி, பட்டையில் வளையம் வளையமாக வெட்டுக் கொடுத்து, வடிந்ததைச் சேர்த்தனர். உயர்ந்து வளர்ந்த ஒரு மரத்திற்குக் கிடைத்தது சில ராத்தல் பாலே. ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகளுக்குள் சிங்கப்பூர்த் தீவில் தாபான் மரம் அற்றுப்போகும் நிலை வந்தது. பின்னர் வெட்டு ஜொகூருக்கும் பேராக்குக்கும் போர்னியோவுக்கும் பரவிற்று. காட்டிற்குள் சென்று வெட்டியவர் மலாய்க்காரரும் ஒராங் அஸ்லியரும். வாங்கி விற்றவர் வணிகர். அப்பொருள் இறுதியில் எவருடைய கைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதே நம் கதை.

ஜான் பெண்டர் என்பவர் 1816இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். கிளாஸ்கோவிலும் மான்செஸ்டரிலும் துணி வாணிகம் செய்து பொருள் சேர்த்தவர். அட்லாண்டிக் கடலில் 1858இல் இட்ட கம்பி சில வாரங்களில் ஊமையாயிற்று. ஆயினும் பெண்டர் தளரவில்லை. கெத்தா பெர்ச்சாக் கம்பெனியையும் கம்பி செய்யும் மற்றொரு கம்பெனியையும் 1864இல் ஒன்றாக்கி அதற்குத் தலைவரானார். இரண்டரை லட்சம் பவுனுக்குத் தாமே பிணை நின்றார். 1866இல் கம்பி பேசிற்று. அதன்பின் அவர் கிழக்கு நோக்கித் திரும்பினார். 1870இல் பம்பாய் வரை கம்பி வந்தது. அவ்வாண்டு ஜூன் 23ஆம் நாள் இலண்டனில் தம் மாளிகையில் அவர் வைத்த விருந்துக்கு வேல்ஸ் இளவரசரே வந்தார். அங்கிருந்தே இந்திய வைசிராய்க்குச் செய்தி போயிற்று, சில நிமிடங்களில் விடையும் வந்தது. அடுத்துச் சென்னையிலிருந்து பினாங்குக்கும் அங்கிருந்து சிங்கப்பூருக்கும் கம்பி இட்டனர். 1871இல் சிங்கப்பூரும் ஹாங்காங்கும், 1872இல் ஆஸ்திரேலியாவும் இணைந்தன. தனித்தனியாக இருந்த கம்பெனிகளை அவர் இரண்டு பெருங் கம்பெனிகளாகத் திரட்டினார். அவற்றுள் நம் கடற்பகுதியை ஆண்டது ஈஸ்டர்ன் எக்ஸ்டென்ஷன் கம்பெனி.

பெண்டர் வணிகர் மட்டும் அல்லர். பாராளுமன்ற உறுப்பினரும் ஆவார். 1865இல் டோட்னஸ் தொகுதியில் அவர் பெற்ற வெற்றி, கைக்கூலி கொடுத்த குற்றத்திற்காகத் தள்ளப்பட்டது. பின்னர் ஊழல் மிகுதியால் அவ்வூரே தன் தொகுதியை இழந்தது. பெண்டரோ 1872இல் வேறு தொகுதியின் வழியே மீண்டும் மன்றத்தில் நுழைந்தார். பட்டங்களும் வந்தன. 1896இல் அவர் மறைந்தபின் தலைமை ஏற்றவர், முன்னாளில் வங்காளத்தில் ஆட்சிப்பணி புரிந்த டுவீட்டேல் பிரபு. ஆட்சி மன்றத்திற்கும் கம்பெனி மன்றத்திற்கும் இடையே கதவு திறந்தே இருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டா.

கம்பியின் வலிமையைப் பேராக் விரைவில் உணர்ந்தது. தெலுக் இந்தானிலிருந்து ஆற்றின் மேற்புறம் சென்றால் பாசிர் சாலாக் வரும். அங்கே 1875 நவம்பர் 2ஆம் நாள் ரெசிடெண்டு பர்ச் கொல்லப்பட்டார். கம்பி இல்லாத காலமாயின் செய்தி கப்பலேறிச் சென்று உத்தரவு திரும்பப் பல வாரங்கள் ஆகியிருக்கும். இப்போதோ தந்தி பறந்தது. ஹாங்காங்கிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் படைகள் வந்து இறங்கின. அடுத்த ஆண்டே கோலாகங்சாருக்கும் தைப்பிங்குக்கும் இடையே தந்திக்கம்பி இட்டனர். தீபகற்பத்து உள்நாட்டில் அதுவே முதல் கம்பி என்பர்.

வாணிகமும் மாறிற்று. இலண்டன் உலோகச் சந்தை 1877இல் அமைந்தது. அங்கே மூன்று மாதத் தவணை என்றொரு வழக்கம் இன்றும் உண்டு. மலாயா ஈயம் கப்பலில் இலண்டன் சேர அந்நாளில் ஆன காலம் அது. சரக்கு மூன்று மாதம் கடலில் மிதக்க, விலை சில மணி நேரத்தில் கம்பி வழியே வந்துவிடும். கிந்தா ஈயம் நம் ஊர்த் துறையிலிருந்து கப்பலேறிய காலம் ஒன்று உண்டு. ஊரின் பெயர் அப்போது தெலுக் அன்சன். சரக்கு இவ்வூரினது, விலை சொல்லும் கம்பியோ வேற்றாருடையது.

நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்த நம் முன்னோரும் அதே வங்கக் கடலைத்தான் கடந்தனர். கீழே கம்பி கிடந்தது. அவர்களுக்கு அது உதவவில்லை. 1872இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இலண்டனுக்கு 20 சொற்கள் அனுப்ப 9 பவுனுக்கு மேல் ஆயிற்று. அது தோட்டத் தொழிலாளிக்குப் பல மாதக் கூலி. வீட்டில் சாவு நேர்ந்த செய்தி அவனுக்குக் கடிதமாகவே வந்து சேர்ந்தது.

இனிச் செய்தித்தாள். ராய்ட்டர், அவாஸ், வுல்ஃப் என்னும் மூன்று செய்தி நிறுவனங்கள் 1870இல் உலகையே பங்கு போட்டுக்கொண்டன. பிரிட்டிஷ் பேரரசும் தூரகிழக்கும் ராய்ட்டர் பங்கில் விழுந்தன. 1930கள் வரை இவ்வுடன்பாடு நீடித்தது. பாரதியார் 1904இல் சுதேசமித்திரனில் சேர்ந்து ஆங்கிலத் தந்திகளைத் தமிழாக்கும் பணி செய்ததை நாம் அறிவோம். யாப்பிலும் கருத்திலும் புரட்சி செய்தவரும் உலகச் செய்தியை இலண்டன் வாயிலாகவே கேட்க வேண்டியிருந்தது. வீணை நரம்பைக் குறித்த தந்தி என்னும் சொல், செய்தியையே குறிப்பதாயிற்று. ஆதித்தனார் 1942இல் மதுரையில் தொடங்கிய நாளிதழுக்கு அதுவே பெயராயிற்று. ஒரு கம்பெனியின் கம்பி ஒரு மொழியின் சொற்பொருளையே மாற்றியதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இவ்வாதிக்கத்தை எவரும் எதிர்க்கவில்லை என்று எண்ண வேண்டா. கனடாவின் பொறியாளர் சாண்ட்ஃபோர்டு பிளெமிங், பசிபிக் கடலில் அரசாங்கங்களே கம்பி இட வேண்டும் எனப் பல ஆண்டு வாதாடினார். பெண்டர் தம் செல்வாக்கு முழுவதையும் கொண்டு தடுத்தார். எனினும் பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நான்கும் சேர்ந்து 1902இல் அக்கம்பியை முடித்தன. அது வரும் என்ற பேச்சு உறுதியானதுமே ஈஸ்டர்ன் எக்ஸ்டென்ஷன் தன் கட்டணத்தைக் குறைத்தது. அதுவரை குறைக்க இயலாது என்று சொல்லி வந்த கணக்கு என்ன ஆயிற்றோ!

போர்க்காலத்தில் கம்பி ஓர் ஆயுதம். 1914 செப்டம்பரில் சென்னையைச் சுட்டு, அக்டோபரில் பினாங்குத் துறையில் புகுந்த ஜெர்மானியக் கப்பல் எம்டன், நவம்பர் 9ஆம் நாள் கோக்கோஸ் தீவில் இதே கம்பெனியின் நிலையத்தை அழிக்க ஆள் இறக்கிற்று. நிலையத்தார் அதற்குள் அபாயச் செய்தி அனுப்பிவிட்டனர். சிட்னி என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் விரைந்து வந்து எம்டனை முடித்தது. அஞ்சாத ஆளை "எம்டன்" என்று நம்மவர் சொல்வது அக்கப்பலால் வந்த வழக்கே. பெண்டரின் கம்பெனிகள் 1929இல் மார்க்கோனி கம்பெனியோடு இணைந்தன. 1934இல் கேபிள் அண்டு வயர்லெஸ் எனப் பெயர் பெற்றன. 1947இல் பிரிட்டிஷ் அரசு அதனைத் தன்னுடைமை ஆக்கிற்று. 1981 முதல் அதே அரசு மீண்டும் தனியாருக்கு விற்கலாயிற்று.

இணையம் ஆகாயத்திலிருந்து வருகிறது என்றே பள்ளிப் பிள்ளைகள் நினைக்கின்றனர். ஆசிரியர் சிலரும் அப்படியே. கண்டம் விட்டுக் கண்டம் போகும் செய்திகளில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் இன்றும் கடலடிக் கம்பி வழியே செல்கின்றன. முன்பு தொலைபேசிக் கம்பெனிகள் கூட்டாக இட்ட கம்பிகளைக் கூகுளும் மெட்டாவும் இன்று தாமே இடுகின்றன. பெண்டரிடம் இருந்தது வழி மட்டுமே. இவர்களிடம் வழியும் உண்டு, அதில் செல்லும் செய்தியும் உண்டு, அருகே ஒட்டும் விளம்பரமும் உண்டு.

நம் நாடு இதனை நேரில் கண்டது. உள்நாட்டுக் கடற்பணியை உள்நாட்டுக் கப்பலே செய்ய வேண்டும் என்ற விதியிலிருந்து, கம்பி பழுதுபார்க்கும் அயல்நாட்டுக் கப்பல்களுக்கு 2019இல் மலேசியா விலக்களித்தது. 2020 நவம்பரில் அவ்விலக்கு நீக்கப்பட்டது. உடனே அமெரிக்கப் பெரு நிறுவனங்கள் பிரதமருக்குக் கடிதம் எழுதின. உள்நாட்டுக் கப்பல்காரரைக் காக்க வேண்டும் என்ற அரசின் காரணம் எள்ளத்தக்கதன்று. பழுது தாமதமானால் நாடே தவிக்கும் என்ற எதிர்வாதமும் பொய்யன்று. 2021இல் கூகுளும் மெட்டாவும் அறிவித்த ஏப்ரிகாட் என்னும் கம்பி ஜப்பான், தைவான், குவாம், பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, சிங்கப்பூர் ஆகியவற்றைத் தொட்டது. மலேசியா அப்பட்டியலில் இல்லை. விலக்கு நீக்கமே காரணமா என்பது பற்றி நாட்டில் பெரும் வாதம் நடந்தது. 2024 ஜூன் 1 முதல் விலக்கு மீண்டும் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய மே மாதத்தில்தான் மைக்ரோசாப்ட் 220 கோடி டாலரும் கூகுள் 200 கோடி டாலரும் மலேசியாவில் முதலிடப் போவதாக அறிவித்திருந்தன. அரசும் தன் பங்குக்கு, 80 லட்சம் பயனர்க்கு மேல் கொண்ட சமூக ஊடகங்கள் உரிமம் பெற வேண்டும் என 2025 ஜனவரி முதல் விதித்தது.

2025 பிப்ரவரியில் மெட்டா ஒரு புதிய கம்பியை அறிவித்துள்ளது. நீளம் 50,000 கிலோமீட்டருக்கு மேல். அமெரிக்கா, பிரேசில், தென்னாப்பிரிக்கா, இந்தியா முதலிய நாடுகளின் கரைகளைத் தொடும். இக்காலக் கம்பிகளுக்குக் கவசம் பாலிஎதிலீன். தாபான் மரத்தை இப்போது எவரும் அதற்காக வெட்டுவதில்லை.