ஏரி நிரம்பினால் அருவி கொட்டும்! கொடைக்கானல் ரோட்டில் எங்கெங்கே நிறுத்தலாம்?

கொடைக்கானல் டூர் என்றாலே எல்லாருக்கும் ஏரிதான் ஞாபகத்துக்கு வரும். படகில் ஒரு சுற்று, குதிரையில் ஒரு போட்டோ, சூடா மிளகாய் பஜ்ஜி... அதோடு ஊர் திரும்பி விடுவார்கள். ஆனால் வத்தலக்குண்டு பக்கமிருந்து மலை ஏறும்போதே வண்டியை ஓரங்கட்டிப் பார்க்க வேண்டிய இடங்கள் நிறைய இருக்கின்றன. வழியில் கொட்டும் அருவிக்கும் மேலே இருக்கும் ஏரிக்கும் ஒரு சொந்தம் இருப்பது பலருக்குத் தெரியாது.

டம்டம் பாறை

மலைப்பாதையில் முதல் ஸ்டாப் இதுதான். எதிர் மலையில் வெள்ளை நூல் தொங்குவது போலத் தெரிவது தலையாறு அருவி. எலிவால் அருவி என்றும் சொல்வார்கள். உயரம் 975 அடி! தமிழ்நாட்டிலேயே உயரமான அருவி. இங்கிருந்தே பார்க்கலாம். கீழே மஞ்சளாறு அணையும் தெரியும். பனிமூட்டம் வந்தால் எல்லாமே மறைந்து விடும் என்பதால் காலையிலேயே வந்து விடுவது நல்லது.

வெள்ளி நீர்வீழ்ச்சி

பெருமாள்மலை தாண்டி, ஊருக்கு 8 கிலோ மீட்டர் முன்னால் ரோட்டை ஒட்டியே 180 அடி உயரத்தில் இருந்து கொட்டுகிறது. பஸ் ஜன்னல் வழியாகவே பார்க்கலாம். கொடைக்கானல் ஏரியில் இருந்து வெளியேறும் உபரி நீர்தான் இங்கே அருவியாக விழுகிறது. ஏரி நிரம்பி வழிந்தால் அருவி ஆர்ப்பரிக்கும். ஏரி வற்றினால் அருவியும் மெலிந்து விடும். ஏரியில் வீசும் குப்பையும் அழுக்கும் இந்த வழியாகத்தான் கீழே இறங்கும் என்பதை மறந்துடக் கூடாது.

பாறைகள் வழுக்கும். செல்பி எடுக்க மேலே ஏறினால் உயிருக்கே ஆபத்து. குரங்குகள் வேறு கையில் இருக்கிற பையைப் பிடுங்கி விடும். குழந்தைகள் மேல் ஒரு கண் இருக்கட்டும்.

ஏரி

நட்சத்திர வடிவில் இருக்கும் இந்த ஏரி இயற்கையாக உருவானது இல்லை. 1863-ல் மதுரை கலெக்டராக இருந்த வெரே ஹென்றி லெவிஞ்ச் கரை கட்டி, ஓடைத் தண்ணீரைத் தேக்கி உருவாக்கியது. பரப்பளவு சுமார் 60 ஏக்கர். சுற்றி வரும் ரோடு 5 கிலோ மீட்டர். வாடகை சைக்கிள் எடுத்தால் ஜாலியா சுற்றி வரலாம். நடந்தால் செலவே இல்லை! ஏரிக்குப் பக்கத்திலேயே பிரையண்ட் பூங்கா இருக்கிறது. மே மாதம் மலர்க் கண்காட்சி நடப்பது இங்கேதான்.

ஊருக்குள் இருக்கும் கரடிச்சோலை அருவியில் மழைக் காலத்தில் மட்டும்தான் தண்ணீரைப் பார்க்க முடியும். கோடையில் போனால் ஏமாற்றம்தான்.

தூண் பாறை, குணா குகை

ஊரில் இருந்து சுமார் 8 கிலோ மீட்டரில் தூண் பாறை. 400 அடி உயரத்துக்கு மூன்று பாறைகள் தோளோடு தோள் சேர்ந்து நிற்கும் காட்சி கண்கொள்ளாக் காட்சி. அதே ரோட்டில்தான் பைன் மரக்காடும் குணா குகையும். கமல்ஹாசன் நடித்த 'குணா' 1991-ல் வந்த பிறகுதான் குகைக்கு இந்தப் பேர். 2006-ல் கேரள வாலிபர் ஒருவர் இங்கே குழிக்குள் விழ, நண்பர்தான் இறங்கி மீட்டார். அதுதான் 2024-ல் 'மஞ்சும்மல் பாய்ஸ்' படமாக வந்து சக்கைப்போடு போட்டது. படம் பார்த்த ஆர்வத்தில் கம்பி வேலியைத் தாண்டினால் வம்புதான்.

குளிக்க ஆசையா?

வழியில் பார்க்கும் அருவிகள் வேடிக்கை பார்க்கத்தான். குளிக்கணும் என்றால் மலை இறங்கி பெரியகுளம் பக்கம் உள்ள கும்பக்கரை அருவிக்குப் போகலாம். அங்கே விழுவதும் கொடைக்கானல் மலையில் இருந்து இறங்கும் தண்ணீர்தான். மேலே மழை பெய்தால் இங்கே திடீர் வெள்ளம் வரும். அப்போது வனத்துறை தடை போட்டு விடும். விசாரித்து விட்டுப் போவது நல்லது.

கிளம்பும் முன்...

* சொந்த வண்டி, வாடகை வேனில் வருபவர்களுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை கொண்டு வரப்பட்டது. ஐகோர்ட்டு உத்தரவுப்படி வந்த ஏற்பாடு இது. அரசு பஸ்சில் வருபவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

* தண்ணீர் எடுத்துப் போக வீட்டில் இருந்தே எவர்சில்வர் பாட்டில் கொண்டு போங்க. பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மலையில் தடை.

* திரும்பும்போது மலைப்பூண்டு வாங்க மறக்காதீங்க. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு!

ஏரியும் அருவியும் ஒரே தண்ணீர்தான். மேலே சுத்தமா வைத்திருந்தால்தான் கீழே வெள்ளியாக விழும்.