சுல்தான் கூரியின் அடுக்குமாடி

நிகாஹ் மஜ்லிஸில் 'வகீல்' என்னும் சொல்லைக் கேளாதவர் நம்மில் இலர். பிறருடைய காரியத்தை நம்பி ஒப்படைக்கப் பெற்றவரே வகீல். அதே வேரில் பிறந்தது 'விகாலா' என்னும் அரபுச் சொல். காஹிரா நகரில் வணிகர்கள் தம் சரக்கை வைத்து விற்றுத் தாமும் தங்கிய பெருஞ்சத்திரங்களுக்கு அப்பெயர் வழங்கிற்று.

அத்தகைய ஒன்று, அல்-அஸ்ஹர் பள்ளிவாசலுக்கு அருகே இன்றும் நிற்கிறது. மம்லூக் சுல்தான் கான்ஸூஹ் அல்-கூரி 1504-05இல் எழுப்பியது. நடுவே திறந்த முற்றம். சுற்றிலும் ஐந்து நிலைகள். கீழே சரக்கறைகள், மேலே 'ரப்உ' எனப்படும் வாடகைக் குடியிருப்புகள். ஒவ்வொரு வீடும் உட்படிகளால் மூன்று நிலைகளுக்கு ஏறும். மரச்சல்லடைச் சாளரங்களின் வழியே பெண்டிர் வெளியே நோக்கலாம். வெளியார் உள்ளே நோக்க இயலாது. அடுக்குமாடி வாழ்வு நம் காலத்துப் புதுமையன்று.

இக்கட்டடம் வக்ஃபு. இதன் வருவாய், அருகில் சுல்தான் அமைத்த மத்ரஸா முதலிய அறநிலையங்களுக்கு உரியது.

மலபார் மிளகு செங்கடல் வழியே காஹிராவுக்கு வந்த காலம் அது. 1498இல் வாஸ்கோடகாமா கோழிக்கோட்டை அடைந்தபின் அவ்வழிக்கு ஆபத்து நேர்ந்தது. கூரி அனுப்பிய கடற்படை 1508இல் சௌலில் வென்றது. 1509இல் தியூவில் தோற்றது. 1516இல் மர்ஜ் தாபிக் போர்க்களத்தில் சுல்தானும் மாண்டார். மறு ஆண்டு காஹிரா உதுமானியரின் மாகாணத் தலைநகராயிற்று.

ஆயினும் அப்பகுதி உடனே சாயவில்லை. மிளகு தளர்ந்த இடத்தில் யமன் நாட்டுக் காப்பிக்கொட்டை வந்து கைகொடுத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கதீவ் இஸ்மாயில் மேற்கே ஐரோப்பிய பாணியில் புதுநகர் அமைத்தபோதுதான் செல்வர்கள் படிப்படியாக இடம்பெயர்ந்தனர். பழைய தெருக்கள் கைவினைஞர்க்கும் ஏழைகளுக்கும் உரியவாயின. விகாலா பிற்காலத்தில் செப்பனிடப்பெற்றது. இன்று அதன் முற்றத்தில் கலைநிகழ்ச்சிகள் நடைபெறுகின்றன.

கூரி தமக்கென எழில்மிகு அடக்கத்தலம் கட்டினார். அவருடைய உடலோ போர்க்களத்தில் கிடைக்கவேயில்லை. தாம் வக்ஃபு செய்த அவரே, பிறருடைய வக்ஃபு வருவாயில் கைவைத்ததை அக்கால வரலாற்றாசிரியர் இப்னு இயாஸ் பதிந்துள்ளார். கல் நின்றது, அக்குறையும் ஏட்டில் நின்றது.

நம் ஊர்களிலும் பள்ளிவாசலுக்கென முன்னோர் எழுதிவைத்த கடைகளும் வீடுகளும் உள்ளன. அவற்றுள் குடியிருப்போரும் அவற்றை நிர்வகிப்போரும் உரிய வாடகையைக் குறித்துத் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளட்டும். அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டிருப்பது வெறும் கட்டடமன்று, அமானிதம்.