மலைச்சரிவும் தேசிய அணியும்: இலங்கை பேஸ்போலில் பெருந்தோட்டத் தமிழ் இளைஞருக்கான வழி

2019 ஜூலையில் ஹோமாகம தியகம மைதானத்தில் இலங்கை தேசிய பேஸ்போல் அணி பாகிஸ்தானை வீழ்த்தி மேற்காசியக் கிண்ணத்தை வென்றது. அந்த வெற்றியே அதே ஆண்டு தைவானின் தைச்சுங் நகரில் நடந்த ஆசியச் சம்பியன்ஷிப்புக்கு அணியைக் கொண்டு சேர்த்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டு விழாவில் லாவோஸ், தாய்லாந்து அணிகளோடு முதற்சுற்றில் ஆடி, அந்தச் சுற்றைத் தாண்டாமல் திரும்பிய அணி இது. கிரிக்கெட் தவிர வேறொன்றைக் கண்ணெடுத்துப் பார்க்காத நாட்டில் இதைச் சிறிய சாதனை என்று ஒதுக்க முடியாது. இந்த அணிக்குள் நுழையும் வழி எங்கே தொடங்குகிறது, தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த ஹட்டனிலும் மஸ்கெலியாவிலும் அக்கரப்பத்தனையிலும் வளரும் பிள்ளைக்கு அந்த வழி ஏன் எட்டுவதில்லை என்பதே இக்கட்டுரையின் கேள்வி. ஆர்வக் குறைவு, உடற்தகுதிக் குறைவு என்று வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்களை நான் ஏற்கவில்லை. தேயிலைப் பயிர் கேட்கும் நிலம், அது கேட்கும் வேலைநேரம், இவ்விரண்டின் மேலும் தோட்ட நிர்வாகம் கொண்டிருக்கும் பிடி ஆகிய மூன்றுமே காரணம் என்பது என் வாதம்.

சிறிய விளையாட்டு ஒன்றின் தேசிய அணி மிகக் குறுகிய வாசல்களின் வழியாகவே ஆட்களைப் பெறுகிறது. இலங்கை பேஸ்போலுக்கு அத்தகைய வாசல்கள் இரண்டு. பயிற்றுநரும் கருவிகளும் வாய்த்த பாடசாலைகள் ஒன்று. வீரருக்குச் சம்பளம் கொடுத்து ஆடவைக்கும் முப்படைகளின் விளையாட்டுக் கழகங்கள் மற்றது. பள்ளியை விட்ட பின்னும் இருபத்தைந்து வயது வரை ஒருவர் தொடர்ந்து பந்தெறிய வேண்டுமானால் சோறு போடும் வேலையும் ஆட விடும் வேலையும் ஒன்றாக இருக்க வேண்டும். அதைப் படைகள் தருகின்றன. மலையகத் தமிழ் இளைஞர் படையில் சேர்வது அரிது. அதற்கான வரலாற்றுக் காரணங்களை இங்கே விரிக்க வேண்டியதில்லை. ஆகவே இரண்டாவது வாசல் அவருக்கு அநேகமாக அடைத்தே கிடக்கிறது. முதலாவது வாசலைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம்.

பேஸ்போலுக்கு இலங்கையில் ஓர் உறவுக்கார விளையாட்டு உண்டு: எல்லே. மூங்கில் தடியால் டென்னிஸ் பந்தை அடித்துவிட்டு நிலைகளைச் சுற்றி ஓடுவது. சித்திரைப் புத்தாண்டு விழாக்களில் மட்டுமன்றி பாடசாலைப் போட்டிகளிலும் இதற்கு இடமுண்டு. தமிழ்ப் பாடசாலைகளும் மும்முரமாக ஆடுகின்றன. உயரே வரும் பந்தின் கீழ் ஓடி வெறுங்கையால் பிடிப்பதும், ஓடுகிறவரைக் குறிபார்த்து எறிவதும் எல்லே வளர்க்கும் திறன்கள். பேஸ்போலின் வெளிக்களத் தடுப்பாளருக்கு இதைவிட நல்ல அரிச்சுவடி கிடையாது. ஆனால் எல்லேயில் பந்து போடுபவர் அடிப்பவரின் அணிக்காரர்; அடிக்க வசதியாகவே போடுவார். பேஸ்போலில் ஆட்டத்தின் விதியை எழுதுபவரே பந்தெறிபவர்தான். 18.44 மீட்டர் தூரத்திலிருந்து, மேடேறி நின்று, அடிப்பவரை ஏமாற்றும் அந்தக் கலையை எல்லே கற்றுத் தராது. அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். கடினப் பந்தும் கையுறையும் மேடும் வேண்டும். எல்லேக்கும் பேஸ்போலுக்கும் இடையிலுள்ள இந்தச் சிறு தூரத்தில்தான் மலையகப் பிள்ளை நின்றுவிடுகிறது.

தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டு ஒத்துவராது என்பவர்கள் டொமினிக்கன் குடியரசைப் பார்க்க வேண்டும். அங்கே சான் பெட்ரோ டி மக்கோரிஸ் என்ற கரும்பு ஆலைப் பட்டணம் பேஸ்போல் வீரர்களை ஈன்றதற்கு உலகப் புகழ் பெற்றது. ஆங்கிலம் பேசும் கரீபியன் தீவுகளிலிருந்து கரும்பு வெட்ட வந்த கறுப்பினக் கூலிகள் தங்களோடு கிரிக்கெட்டைக் கொண்டுவந்தனர். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பேஸ்போலுக்கு மாறினர். ஆலைகள் தமக்கென அணிகளை வைத்து ஒன்றோடொன்று மோதவிட்டன. கொன்சுவேலோ என்ற ஒரே ஆலை ஊர் ரிக்கோ கார்ட்டியையும் சாமி சோசாவையும் தந்தது. 2013 உலக பேஸ்போல் கிளாசிக்கில் ஓர் ஆட்டமும் தோற்காமல் டொமினிக்கன் அணி கிண்ணம் வென்றபோது, தொடரின் சிறந்த வீரராகத் தெரிவானவர் சான் பெட்ரோவில் பிறந்த ரொபின்சன் கானோ.

கரும்புக்கு முடிந்தது தேயிலைக்கு முடியாமல் போனது ஏன்? கரும்பு சமவெளிப் பயிர். ஆலையைச் சுற்றித் தட்டையான நிலம் கிடக்கும். வெட்டு முடிந்ததும் ஆலை சில மாதம் ஓய்ந்துவிடும். அந்த மாதங்கள் பசியின் மாதங்கள் என்பதை மறைக்கக் கூடாது. ஆயினும் அவை ஆட்டத்தின் மாதங்களாகவும் இருந்தன. தேயிலை அப்படி இல்லை. நுவரெலியா மாவட்டத்துச் செடி ஆண்டு முழுவதும் துளிர்க்கிறது. எடுத்த மலைக்கே ஒரு வாரம், பத்து நாளில் கொழுந்துக்குத் திரும்ப வேண்டும். விடியலில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து மலை ஏறுபவருக்கு நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். ஞாயிறன்று கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கும் தாயின் வீட்டில் தண்ணீர், விறகு, தம்பி தங்கை எல்லாம் மூத்த பிள்ளையின் தலையில் விழுகின்றன. பயிர் ஓயாத இடத்தில் பிள்ளைக்கும் ஓய்வு இல்லை.

நிலம் இன்னும் கடினம். உலகத் தரப் பேஸ்போல் மைதானத்தில் எல்லைக்கோடு 98 மீட்டர், நடுவெளி 122 மீட்டர் வரை நீளும். மொத்தத்தில் ஏறத்தாழ 3 ஏக்கர் தட்டை நிலம். மலைநாட்டில் தட்டையான இடத்தையெல்லாம் தொழிற்சாலையும் பங்களாவும் துரைமாரின் கழகங்களும் முன்பே எடுத்துக்கொண்டன. ரதல்லவிலும் டரவெலவிலும் பசும்புல் கிரிக்கெட் மைதானங்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டன. அவை தோட்டத்துரைகளுக்காக வந்தவை. கொழுந்து எடுத்தவர்களின் பிள்ளைகளுக்கு வரிசை வீடுகளான லயத்தின் வாசலே மைதானம்.

ஆனால் புவியியலே விதி என்று நான் சொல்லவில்லை. நிர்வாகம் மனம் வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அன்றைய பிரிட்டிஷ் கயானா சான்று. 1948 ஜூனில் என்மோர் தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்த கரும்புத் தொழிலாளர் ஐவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். தொடர்ந்து வந்த விசாரணைக் குழுவின் அறிக்கை தோட்ட மக்களின் வாழ்நிலையை அம்பலப்படுத்தியது. முதலாளிகள் நலத்திட்டங்களுக்கு இறங்கிவர நேர்ந்தது. 1954இல் சர்க்கரை உற்பத்தியாளர் சங்கம் மேற்கிந்தியத் துடுப்பாட்ட வீரர் கிளைட் வோல்கொட்டை அழைத்துத் தோட்டங்களில் கிரிக்கெட்டை ஒழுங்குபடுத்தும் பொறுப்பைக் கொடுத்தது. இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாய் வந்தவர்களின் வழித்தோன்றல்கள் நிறைந்த போர்ட் மொரான்ட் என்ற ஒரே தோட்டத்திலிருந்து ரோகன் கன்ஹாய், ஜோ சொலமன், பெசில் புட்சர் ஆகியோர் சில ஆண்டுகளுக்குள் மேற்கிந்திய அணிக்குப் போயினர். திறமை முன்பே இருந்தது. மைதானமும் பயிற்சியும் வந்தன, அவ்வளவுதான்.

என்மோர் துப்பாக்கிச் சூடு நடந்த அதே 1948இல் இலங்கையில் நிகழ்ந்ததை அருகே வைத்துப் பார்க்க மனம் கனக்கிறது. 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. நாடற்றவருக்குக் கடவுச்சீட்டு இல்லை. கடவுச்சீட்டு இல்லாதவர் தேசத்தின் சட்டையை அணிய முடியாது. இந்தியாவும் இலங்கையும் 1964இல் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சியிருந்தவர்களின் சிக்கலைத் தீர்க்க 2003இன் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் ஒரு சுவர் நின்றது. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்ட எல்லைக்குள் சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது. தோட்டத்து மக்கள் வாக்களித்துச் சபையை அமைக்க முடிந்தது. அந்தச் சபையால் அவர்களுக்கு ஒரு மைதானம் வெட்டிக் கொடுக்க முடியவில்லை. இந்தப் பிரிவு 2018இல்தான் திருத்தப்பட்டது. விளையாட்டு வரலாறு எழுதுவோர் இந்தப் பிரிவைக் கவனிப்பதில்லை. மலையக விளையாட்டைப் பொறுத்தவரை எந்தப் போட்டி முடிவையும்விட இது முக்கியம் என்று கருதுகிறேன்.

முத்தையா முரளிதரனைக் காட்டி, வழி திறந்தே இருக்கிறதே என்று கேட்பவர் உண்டு. 800 டெஸ்ட் விக்கெட்டுகளின் பெருமை மலையகம் முழுவதற்கும் உரியது. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அவர் வந்த வழி தோட்டத்து வழி அல்ல. தோட்ட வேலைக்கு வந்தது அவருடைய பாட்டனாரின் தலைமுறை. தந்தையாரோ கண்டியில் பிஸ்கட் தொழில் நடத்தியவர். முரளிதரன் படித்தது கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரியில். குடும்பம் தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வந்த பின்னரே மைதானம் கிடைத்தது என்பதைத்தான் அவருடைய வரலாறு காட்டுகிறது. என் வாதத்துக்கு அது வலுவே சேர்க்கிறது.

கிரிக்கெட்டுக்கே மைதானம் இல்லாதபோது பேஸ்போல் எதற்கு என்ற கேள்வி கனமானது. கிரிக்கெட்டில் ஓர் இடத்துக்கு நாடெங்கும் ஆயிரம் பேர் போட்டி போடுகிறார்கள். பேஸ்போலில் அந்த நெரிசல் இல்லை. தொடங்குவதற்கு 3 ஏக்கரும் வேண்டாம். உலக பேஸ்போல், சொஃப்ட்போல் கூட்டமைப்பு வகுத்த ‘பேஸ்போல்5’ ஆட்டத்துக்கு மட்டையும் வேண்டாம், கையுறையும் வேண்டாம். ஒரு இறப்பர் பந்து, அணிக்கு ஐந்து பேர், 21 மீட்டர் சதுரம் போதும். ஆணும் பெண்ணும் சேர்ந்தே ஆடலாம். 2026 டாக்கார் இளையோர் ஒலிம்பிக் நிகழ்ச்சி நிரலிலும் இதற்கு இடம் கிடைத்தது. அந்தச் சதுரம் ஏறக்குறைய 17 பேர்ச்சஸ். தோட்டக் குடும்பத்துக்குத் தனிவீடு கட்ட 7 பேர்ச்சஸ் கொடுத்த நாட்டில், மூன்று வீட்டுக்குக்கூட எட்டாத இந்த நிலத்தை ஒரு தோட்டத்துக்கு ஒதுக்குவது இயலாத காரியம் அல்ல. பல தோட்டங்களில் பிரட்டுக்களமே இதற்குப் போதும்.

உயரமும் துணை நிற்கலாம். 1,868 மீட்டர் உயரத்திலிருக்கும் நுவரெலியா, அமெரிக்காவின் டென்வர் நகரைவிட மேலே இருக்கிறது. காற்று அடர்த்தி குறைந்த அந்த நகரில் அடித்த பந்து கூடுதல் தூரம் பறப்பதும், பந்தெறிபவரின் வளைவு மழுங்குவதும் எல்லோரும் அறிந்தவை. அப்படிப்பட்ட காற்றில் பந்தை வளைக்கக் கற்றவருக்குத் தாழ்நில மைதானம் எளிதாகும்.

2018 திருத்தத்துக்குப் பின் நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை பிரதேச சபைகளுக்குச் சட்டத் தடை இல்லை. ஆனால் நிலம் இன்னமும் 1992இல் தோட்டங்களைப் பொறுப்பேற்ற கம்பனிகளின் குத்தகையில் இருக்கிறது. ஆகவே சபை முதலில் செய்ய வேண்டியது, தன் எல்லைக்குள் தோட்டம்தோறும் உள்ள விளையாட்டிடங்களை அளந்து, அவற்றைக் குத்தகையிலிருந்து விடுவித்துப் பாடசாலைக்கோ சபைக்கோ எழுதி வாங்குவது. தேசிய பேஸ்போல் சங்கத்தின் பங்கு வேறு. எல்லே ஆடும் மலையகப் பாடசாலைகளுக்குப் பந்தெறி பயிற்றுநர் ஒருவரை அனுப்ப வேண்டும். தேசிய அணிக்கான தெரிவு ஒன்றை ஹட்டன் டன்பார் மைதானத்திலும் நடத்த வேண்டும். ஏனெனில் தியகமவுக்குப் போய்வரும் செலவுக்கும், அந்த நாட்களில் இழக்கும் நாட்சம்பளத்துக்கும் ஒரு தோட்டக் குடும்பத்திடம் பணம் இருப்பதில்லை.