மதிப்பீடு யார் கையில்?

மாணவர் ஆசிரியரை மதிப்பிடுவது நவீன நிர்வாகத்தின் கண்டுபிடிப்பு என்றே பேசப்படுகிறது. வரலாற்றை நான் வேறுமாதிரி வாசிக்கிறேன். போலோஞா பல்கலைக்கழகத்தின் 1317ஆம் ஆண்டு விதிகளில் மாணவர் சங்கமே எசமான். பேராசிரியர் தாமதமாக வந்தால் அபராதம். சிக்கலான பகுதியைத் தாண்டிப் போனாலும் அபராதம். காசு கொடுத்தவன் கேள்வி கேட்டான், அவ்வளவுதான். நகர ஆட்சி சம்பளம் தர ஆரம்பித்ததும் அந்த அதிகாரம் கைமாறிப் போச்சு.

1920களில் பர்டூ பல்கலைக்கழகத்தில் ரெம்மர்ஸ் இதை அளவுகோலாக்கினார். 1964இல் பெர்க்லியில் 'ஸ்லேட்' மாணவர் அமைப்பு ஆசிரியர்கள் பற்றிய விமர்சனத்தைத் தானே அச்சிட்டது; பேச்சுரிமை இயக்கம் வெடித்ததும் அதே ஆண்டில்தான். பிறகு படிவம் நிர்வாகத்தின் மேசைக்குப் போனது, பதவி உயர்வு அதில் தொங்கியது. 2015இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், இணையவழி வகுப்பெடுத்த அதே ஆசிரியர் பெண்பெயரில் வந்தபோது மதிப்பெண் குறைந்தது. 2018இல் டொரன்டோவின் ரையர்சன் பல்கலைக்கழக வழக்கில், பதவி உயர்வுக்காகக் கற்பித்தல் திறனை அளக்க இந்த எண்களைப் பயன்படுத்தக் கூடாது என்றார் நடுவர்.

அதுக்காக மாணவர் வாயை மூடச் சொல்ல முடியுமா? பருவத்தின் நடுவிலேயே 'எங்கே புரியல?' என்று கேட்டு, அடுத்த வகுப்பை மாற்றுகிற ஆசிரியருக்கு அந்தப் பதில் உதவுகிறது. பருவம் முடிந்து எண்ணாக மேலிடம் போகும் பதிலால், சொன்ன மாணவருக்கு ஒன்றும் திரும்புவதில்லை. படிவத்தை மாணவரும் ஆசிரியரும் சேர்ந்து எழுதட்டும். முடிவுகள் முதலில் வகுப்பறைக்கே வரட்டும்.