அண்ட வீக்கக் கோட்பாடும் அது எதிர்கொண்ட தேர்வுகளும்

அண்ட வீக்கம் என்பது, தொடக்கத்தில் ஒரு நொடியின் மிக மிகச் சிறு பகுதிக்குள் அண்டம் பன்மடங்கு விரிந்தது என்று கூறும் கோட்பாடாகும். 1980–81 ஆம் ஆண்டுகளில் சோவியத் ஒன்றியத்தின் அலெக்சி ஸ்டாரோபின்ஸ்கி, அமெரிக்காவின் ஆலன் குத், ஜப்பானின் கட்சுஹிகோ சாட்டோ ஆகியோர் தனித்தனியே இக்கருத்தை முன்வைத்தனர். எவரும் நேரில் காண முடியாத நிகழ்வைப் பற்றிய ஒரு கோட்பாடு தவறா, சரியா என்று எவ்வாறு சோதிப்பது? கடந்த நாற்பது ஆண்டுகால அண்டவியல் வரலாற்றின் பெரும்பகுதி இக்கேள்விக்கான விடையே.

கோட்பாடு தோன்றிய காரணம்

வானின் எல்லாத் திசைகளிலிருந்தும் நுண்ணலைக் கதிர்வீச்சு வருவதை 1965இல் ஆர்னோ பென்சியாசும் ராபர்ட் வில்சனும் அறிவித்தனர். அண்டம் தோன்றிச் சுமார் 3,80,000 ஆண்டுகளுக்குப் பின் வெளிப்பட்ட அந்த ஒளியின் இன்றைய வெப்பநிலை 2.725 கெல்வின். வானின் எதிரெதிர்த் திசைகளிலும் அது ஏறத்தாழ ஒன்றாகவே உள்ளது. ஒன்றோடொன்று தொடர்புகொள்ள நேரமே இல்லாதிருந்த பகுதிகளுக்கு ஒரே வெப்பநிலை எப்படி வந்தது? அவை முதலில் அருகருகே இருந்தன என்றும், வீக்கமே அவற்றைப் பிரித்தது என்றும் இக்கோட்பாடு விடை கூறியது.

அண்டவெளி தட்டையாக இருப்பதற்கும் இதுவே விளக்கம். புதுக்கோட்டைப் பக்கத்துப் பொட்டலில் நிற்பவருக்குத் தரை தட்டையாகத் தெரிகிறது. பூமி உருண்டைதான். ஆனால் அவர் காணும் பரப்பைவிட அது மிகப் பெரியது. வீங்கிப் பெரிதான அண்டத்தின் வளைவும் அவ்வாறே புலப்படாமல் போகிறது.

முதல் தேர்வு: சிறு ஏற்றத்தாழ்வுகள்

பின்புலக் கதிர்வீச்சின் வெப்பநிலையில் இலட்சத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஏற்றத்தாழ்வு இருப்பதை 1992இல் கோபி செயற்கைக்கோள் காட்டியது. விண்மீன் மண்டலங்களுக்கு வித்தானவை இவையே. இவற்றின் வலிமை பெரிய அளவிலும் சிறிய அளவிலும் முற்றிலும் சமமானால், அதைக் குறிக்கும் எண் 1 ஆகும். வீக்கத்தின் எளிய வடிவங்களோ இவ்வெண் 1ஐவிடச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும் என்றன. 2009இல் ஏவப்பட்ட ஐரோப்பாவின் பிளாங்க் விண்கலத்தின் இறுதி அளவீடு 0.965, பிழை எல்லை சுமார் 0.004. முதல் தேர்வில் கோட்பாடு தேறியது.

சென்னையின் பங்கு

ஒரு பெரிய தேர்வில் மாணவர் பெறும் மதிப்பெண்களை வரைபடமாக்கினால், பெரும்பாலும் மணி வடிவ வளைகோடு கிடைக்கும். ஏற்றத்தாழ்வுகளும் அவ்வாறே பரவியிருக்க வேண்டும் என்று எளிய வீக்க வடிவங்கள் கூறுகின்றன. சிக்கலான சில வடிவங்களில் வளைகோடு சற்றுக் கோணலாகும். கோணல் எவ்வளவு என்பதைக் கையால் கணக்கிடுவது பல வடிவங்களுக்கு இயலாது.

இதற்காக உருவானதே 'பிங்கோ' என்ற கணினி நிரல். சென்னை ஐஐடியின் எல். ஸ்ரீராம்குமார், பின்னர் சென்னைத் தரமணியின் கணித அறிவியல் நிறுவனத்தில் சேர்ந்த திரஜ் குமார் ஹஸ்ரா, பாரிஸ் ஆய்வாளர் ஜெரோம் மார்ட்டின் ஆகிய மூவரும் இதை உருவாக்கினர். ஆய்வுக் கட்டுரை 2013இல் வெளியானது. நிரலும் எவரும் பயன்படுத்தும் வகையில் பொதுவில் வைக்கப்பட்டது. கோட்பாட்டின் ஒவ்வொரு வடிவத்தையும் எண்ணாக மாற்றினால்தான் அதை அளவீட்டோடு ஒப்பிட முடியும். பிளாங்க் தரவில் குறிப்பிடத்தக்க கோணல் எதுவும் தென்படவில்லை. எளிய வடிவங்கள் தப்பின. பெரிய கோணலை முன்கணித்த வடிவங்கள் விலகின.

2014: அவசர வெற்றி

வீக்கத்தின்போது ஈர்ப்பலைகளும் எழுந்திருக்க வேண்டும். அவை பின்புல ஒளியின் முனைவாக்கத்தில் சுழல் போன்ற தடத்தை விட்டிருக்கும். தென்துருவத்தில் இயங்கிய பைசெப்2 தொலைநோக்கிக் குழு, அத்தடத்தைக் கண்டதாக 2014 மார்ச் 17 அன்று அறிவித்தது. அடர்த்தி ஏற்றத்தாழ்வுகளோடு ஒப்பிட்ட ஈர்ப்பலை விகிதம் 0.2 என்றது அக்குழு. உலக நாளேடுகள் இதைக் கொண்டாடின.

ஆனால் அத்தொலைநோக்கி ஒரே ஓர் அதிர்வெண்ணில் மட்டுமே அளந்திருந்தது. நம் பால்வழியில் உள்ள தூசியும் அதே போன்ற தடத்தை உண்டாக்கும். தூசியைப் பிரித்தறியப் பல அதிர்வெண்கள் வேண்டும். பிளாங்க் குழுவிடம் அவை இருந்தன. இரு குழுக்களும் தரவுகளை இணைத்து ஆராய்ந்து, 2015இல் முடிவை வெளியிட்டன. கண்ட தடத்தைத் தூசியே பெரிதும் விளக்கியது. ஈர்ப்பலைக்குச் சான்று இல்லை. விகிதம் 0.12க்கும் குறைவு என்று மட்டுமே சொல்ல முடிந்தது. வெற்றியை அறிவித்தவர்களே அதைத் திருத்திய ஆய்விலும் கையெழுத்திட்டனர்.

விலகியவையும் எஞ்சியவையும்

அதே குழுவின் தொடர் ஆய்வுகள் 2021இல் இவ்வெல்லையை 0.036க்குக் கீழே இறக்கின. ஆந்திரே லிண்டே 1983இல் முன்வைத்த மிக எளிய வடிவங்கள் 0.13க்கும் மேற்பட்ட விகிதத்தைக் கோருவதால், அவை வீழ்ந்தன. சுமார் 0.003 என்று கூறும் ஸ்டாரோபின்ஸ்கியின் 1980ஆம் ஆண்டு வடிவம் இன்னும் களத்தில் உள்ளது. அவ்வளவு நுண்ணிய தடத்தைத் தேட ஜப்பானின் லைட்பேர்டு விண்கலம் திட்டமிடப்பட்டுள்ளது. இந்திய அறிவியலாளர்களும் 'சி.எம்.பி.-பாரத்' என்ற விண்கலத் திட்டத்தை இஸ்ரோவிடம் முன்மொழிந்துள்ளனர்.

அண்ட வீக்கம் இன்றுவரை மெய்ப்பிக்கப்படவில்லை. ஆயினும் அதன் பல வடிவங்கள் அளவீட்டால் நீக்கப்பட்டுள்ளன. தோற்கவும் இடம் தரும் கோட்பாடு என்பதாலேயே அது அறிவியலாக நிலைக்கிறது.