நாலு அடி நடந்து காட்டுங்க!

கால் பிசகிடுச்சுன்னு சொன்னா எல்லாரும் கேக்குற முதல் கேள்வி, "எக்ஸ்ரே எடுத்தாச்சா?"

1895 டிசம்பரில் ராண்ட்ஜன் தன் மனைவியின் கையை எக்ஸ்ரே படம் எடுத்தார். எலும்பும் மோதிரமும் பளிச்! சதை வெறும் நிழல். அந்தப் படமே சொல்லிடுச்சு, எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியாதுன்னு. பிசகின கணுக்காலில் அடிபடுறதோ பெரும்பாலும் ஜவ்வுதான். எலும்புகளுக்கு நடுவே இடைவெளி கூடியிருந்தா ஜவ்வு கிழிஞ்சிருக்கும்னு ஊகிக்கலாம், அவ்ளோதான்.

ஆனாலும் பல வருஷமா வர்றவங்களுக்கெல்லாம் படம் எடுத்துத் தள்ளினாங்க. கனடாவின் ஒட்டாவாவில் டாக்டர் இயன் ஸ்டீல் குழு இதை ஆராய்ந்து 1992-ல் விதிகளை வெளியிட்டது. கணுக்காலின் ரெண்டு பக்கமும் புடைச்சிருக்குற எலும்பின் பின்விளிம்பிலோ நுனியிலோ அழுத்தினா வலிக்குதா? அடிபட்டதும் சரி, ஆஸ்பத்திரியிலும் சரி, நாலு அடி வைக்க முடியலையா? ரெண்டில் ஒண்ணு இருந்தா படம் எடுக்கணும். ரெண்டுமே இல்லேன்னா முறிவுக்கு வாய்ப்பு ரொம்பக் கம்மி. இதைக் கடைப்பிடிச்ச ஆஸ்பத்திரியில் கணுக்கால் எக்ஸ்ரே 28 சதவீதம் குறைஞ்சதா 1994-ல் ஆய்வு வந்தது.

ஒண்ணு மட்டும் மறக்காதீங்க. 'எக்ஸ்ரே நார்மல்'னா எலும்பு தப்பிச்சுதுன்னு அர்த்தம். ஜவ்வு தப்பிச்சுதுன்னு இல்லை. கால் இன்னும் ஆட்டம் காணுதா? மறுபடி டாக்டரைப் பாருங்க.